லண்டன் பணம் வராது, உதகையில் கேளுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி. தாத்தா 1942இல் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லை வரை போய், 1946இல் வீடு திரும்பினார். பென்ஷன் கிடையாது. 1991இல் காலமானார். பாட்டிக்கு இப்போது 94 வயது. டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்துவிட்டது. ஒரு மெடல் மட்டும் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் வந்துபோகும் ஒருவர், ‘போர் விதவை பென்ஷன் லண்டனிலிருந்து 1946 முதல் நிலுவையோடு வரும், முன்பணம் 25,000 ரூபாய் கொடுங்கள், வருவதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு’ என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அந்த மனிதர் ஒரே மூச்சில் மூன்று பொய் சொல்லியிருக்கிறார்.

லண்டன் முதல் பொய். உங்கள் தாத்தா சேர்ந்தது இந்திய இராணுவம். 1947க்குப் பிறகு அந்தச் சிப்பாய்களின் கணக்குவழக்கு இந்திய அரசின் பொறுப்பு. ‘போர் விதவை’ இரண்டாவது. போரிலோ படை நடவடிக்கையிலோ கணவனைப் பறிகொடுத்தவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். உங்கள் பாட்டி ‘முன்னாள் படைவீரரின் விதவை’. விண்ணப்பத்தில் ஆசைப்பட்டு முதல் சொல்லை எழுதினால், கோப்பு வேறு மேசைக்குப் போய் அங்கேயே தூங்கிவிடும். மூன்றாவது, நிலுவை. பென்ஷனே இல்லாதபோது நிலுவை எங்கிருந்து வரும்? சிப்பாய் பென்ஷன் பெறப் பொதுவாக 15 ஆண்டுச் சேவை வேண்டும். போர் முடிந்தபோது இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை உங்கள் தாத்தாவைப் போலவே நாலைந்து ஆண்டுச் சேவையோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்படியானால் பாட்டிக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்த, நிலையான வருமானம் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய சைனிக் வாரியம், அதாவது முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய அரசின் அமைப்பு, வறுமை மானியம் தருகிறது. ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களுக்கு இது பொருந்தும். மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக்கினார்கள்; 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்குப் புதிய தொகை. இது தவிர, தமிழக அரசு இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் வாழ்நாள் மாத உதவி வழங்குகிறது. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான்: உதகையிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பாட்டி முதியோர் உதவித்தொகை வாங்கினால் அதை மறைக்காதீர்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அவர்களே சொல்வார்கள்.

இந்த வாரியம் 1919இல், முதல் உலகப்போரின் சூட்டோடு பிறந்தது. ஆள் தேவைப்பட்ட காலத்தில் சிப்பாயின் வீட்டுக்கு மணியார்டர் வந்ததா, நிலத்தில் யாராவது வேலியை நகர்த்தினார்களா என்று அரசாங்கம் தானே வந்து விசாரித்தது. போர் ஓய்ந்த பிறகு, விசாரிக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுந்துவிட்டது.

இனி காகிதம். தாத்தாவின் பெயரைவிட அவருடைய படை எண் முக்கியம். அந்த மெடலை எடுத்துப் பாருங்கள். இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் பெரும்பாலும் எண்ணும் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவமென்றால் பின்பக்கம், வட்டமென்றால் விளிம்பில். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

பிரிவு தெரிந்த பிறகுதான் எந்த ஆவண அலுவலகம் என்பது தெரியும். நம் மாவட்டத்தில் எல்லோரும் செய்யும் தவறு, பக்கத்தில் இருக்கிறதே என்று வெலிங்டனுக்கு ஓடுவது. வெலிங்டனில் இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களின் ஏடு மட்டும். மெட்ராஸ் சாப்பர் (படைப் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல் (தகவல் தொடர்புப் பிரிவு) என்றால் ஜபல்பூர். சரியான இடத்துக்கே எழுதினாலும் ‘ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன’ என்று ஒரு வரிப் பதில் வரும். பென்ஷன் இல்லாதவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. அதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே தரகரிடம் போனவர்கள் ஏராளம். ‘லாங் ரோல்’ என்றொரு பதிவேட்டை அவர்கள் அழிப்பதில்லை. எண், பெயர், சேர்ந்த நாள், விடுவித்த நாள், காரணம் எல்லாம் அதில் ஒரே வரியில் இருக்கும். ‘லாங் ரோல் பதிவின் சான்றிட்ட நகல் வேண்டும்’ என்று அந்தச் சொல்லையே எழுதிக் கேளுங்கள். கேட்காதவரை யாரும் சொல்லமாட்டார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே வீட்டில் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘பட்டாளத்தில் இருந்தார்’ என்று நம் பக்கத்தில் சொல்வதெல்லாம் பட்டாளம் ஆகாது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் போர் முழுக்க இரவுபகலாக உழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சிவில் ஊழியர்கள். காண்ட்ராக்டர் கூட்டிப்போய் அசாம் பக்கம் ரோடு போட்டவர்கள், முகாமுக்கு உருளைக்கிழங்கும் விறகும் ஏற்றியவர்கள், துரை வீட்டில் சமைத்தவர்கள் யாரும் இதில் வரமாட்டார்கள். ஆனால் படையிலேயே பெயர் பதிவாகி, எண் வாங்கி, சீருடையோடு சமையல்காரராகவோ சலவைக்காரராகவோ முடிதிருத்துபவராகவோ இருந்தவர் வருவார். துப்பாக்கி தொட்டிருக்க வேண்டியதில்லை. எண் உண்டா இல்லையா, அதுதான் கேள்வி. ‘அவர் வெறும் குக்குதானே’ என்று பேரப்பிள்ளைகளே வெட்கப்பட்டு விட்டுவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மெடல் இருப்பதால் உங்கள் தாத்தா பெரும்பாலும் இந்த வகையில் தேறிவிடுவார்.

பெயர் எழுத்து இன்னொரு தலைவலி. பெள்ளி, ஜோகி, போஜன் என்ற பெயர்களை அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்; ஆதாரில் வேறு, இறப்புச் சான்றில் வேறு. எல்லாம் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தா ஊர் திரும்பிய பிறகு கல்யாணம் செய்திருந்தால் பாட்டியின் பெயர் படை ஏட்டில் இருக்காது. ஊர்த் தலைவரான கவுடரின் கடிதம் போதாது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும்.

அந்தத் தரகரிடம் இதுவரை ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? பாட்டியின் கைரேகை வைத்த வெற்றுத்தாள், கையெழுத்திட்ட காசோலை, ஏ.டி.எம். அட்டை எதுவானாலும் இன்றே திரும்ப வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் வங்கிக்கும் போலீசுக்கும் எழுதிக் கொடுங்கள். முத்திரைத்தாளில் பங்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். இனி வரப்போகும் ஓய்வூதியத்தையோ கருணைத் தொகையையோ முன்கூட்டி எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டமே சொல்கிறது. நல அலுவலகத்தில் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

உதகைக்குப் பாட்டியை இந்தக் குளிரில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதல்முறை நீங்கள் மட்டும் போய் விதவை அடையாள அட்டைக்கும் மானியத்துக்கும் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். லாங் ரோல் நகல் வந்ததும் அசலைக் காட்டிவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். நான் நல்லெண்ணத்தில் ஓர் அலுவலகத்தில் கொடுத்த அசல், பதினான்கு மாதங்கள் கழித்து வேறொருவர் கோப்புக்குள்ளிருந்து வெளியே வந்தது. அதற்குள் அந்த அம்மாள் காலமாகிவிட்டார்.