அஞ்சல் குறியீடு இருக்கட்டும், அதுவே கீ ஆக வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூரின் தை செங், ஜூரோங், பிறகு சென்னை என மூன்று இடங்களில் எங்கள் ஸ்டோரேஜ் சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நகல். எந்த நகல் எங்கே போக வேண்டும் என்பதை மென்பொருளே முடிவுசெய்ய, இடக் குறியீட்டு டேட்டாபேஸ் ஒன்று அமைக்கிறேன். கட்டடத்தின் அஞ்சல் குறியீட்டையே பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வோர் இடத்தையும் தனியாக அடையாளம் காட்டும் மதிப்பாக, வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சிங்கப்பூரில் 1995 முதல் ஆறு இலக்கக் குறியீடு, பெரும்பாலும் கட்டடத்துக்கு ஒன்று. அதனால் ஆசை வருவது இயல்புதான். ஆனால் ஜூரோங் ஈஸ்ட் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகள் பலவற்றின் குறியீடு 600 என்று தொடங்கும். சென்னை பின்கோடும் ஆறு இலக்கம், அதுவும் 600தான். ஒரே நெடுவரிசையில் இரண்டும் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இன்னொன்று: மரினா பே சேண்ட்ஸின் குறியீடு 018956. எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 18956 ஆகிவிடும். அஞ்சல் குறியீட்டைத் தனி நெடுவரிசையில், எழுத்தாகவே வையுங்கள்.

கீயாக, ஊர்களுக்கு ஐ.நா. தரும் குறியீடான யுஎன் லோகோட் நல்லது. நாட்டுக்கு இரண்டு எழுத்து, ஊருக்கு மூன்று: சிங்கப்பூர் எஸ்ஜிஎஸ்ஐஎன், சென்னை ஐஎன்எம்ஏஏ. உங்கள் சிங்கப்பூர் இடங்கள் இரண்டுக்கும் எஸ்ஜிஎஸ்ஐஎன் என்றே வைத்தால், பின்னால் உங்கள் வரிசை எண்ணைச் சேர்க்க வேண்டும்: தை செங்குக்கு 01, ஜூரோங்குக்கு 02. மூடிய இடத்தின் எண்ணை இன்னோர் இடத்துக்குத் தரவே கூடாது; முடிவுத் தேதியை மட்டும் பதியுங்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை இடம் மாறினால் சிங்கப்பூரில் உடனே தெரிந்துவிடும், அதன் தீர்க்கரேகை சுமார் 103, அட்சரேகையோ 90ஐத் தாண்டாது. சென்னையில் தெரியாது. 13.08, 80.27 என்பதைத் திருப்பிப் போட்டால் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே கடலில் ஒரு புள்ளி கிடைக்கும், டேட்டாபேஸும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே நாட்டு எல்லைக்குள் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் முக்கியம். எந்த இடங்கள் ஒரே நேரத்தில் செயலிழக்கும் என்பதை இடக் குறியீடு சொல்லாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கி நிம்மதியாக இருந்தோம். சாலையைத் தோண்டியபோது இரண்டும் ஒன்றாக அறுந்தன. கட்டடத்துக்குள் வந்தது ஒரே குழாய் வழியாக. அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் மின் இணைப்பு, ஃபைபர் பாதை, ரேக் (சர்வர்களை அடுக்கும் சட்டம்) எனத் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். விவரத்தை டேட்டா சென்டர்காரர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செஃப் என்ற ஸ்டோரேஜ் மென்பொருளைப் பயன்படுத்தினால், நகல்கள் எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்லும் க்ரஷ் வரைபடத்தைக் கையால் எழுதாமல் இந்த அட்டவணையிலிருந்தே உருவாக்குங்கள். ஹடூப் என்ற மென்பொருள் என்றால் இடவிவரம் தராத சர்வர்கள் எல்லாம் டிஃபால்ட் ரேக் என்ற ஒரே பெயருக்குள் போய்விடும், அதையும் கவனியுங்கள்.

முடித்ததும் டேட்டாபேஸில் ஒரு குவெரி (கேள்வி) ஓட்டுங்கள்: ஒரு மின் இணைப்பையோ ஒரு ஃபைபர் பாதையையோ நீக்கினால், ஒவ்வொரு கோப்புக்கும் எத்தனை நகல் மிஞ்சும்? எங்காவது பூஜ்யம் வந்தால், அந்தக் கோப்பின் நகலை அன்றைக்கே இடம் மாற்றுங்கள்.