குடிக்காத அப்பாவைக் குடிகாரர் என்றார்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது, குட்டி யானை ஓட்டுகிறார். பல வருடமாகச் சர்க்கரை, இரண்டு வேளை மாத்திரை. போன மாதம் மதியம் சாப்பிடாமல் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி கோணல்மாணலாக ஓடியிருக்கிறது. போலீஸார் நிறுத்தி இறங்கச் சொன்னால் தள்ளாட்டம், வாய் குழறல், கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்திருக்கிறார். குடித்திருக்கிறார் என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். தெரிந்த டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொடுத்த பிறகுதான் தெளிந்தார். வாழ்நாளில் குடித்ததே இல்லை டாக்டர், இனி என்ன செய்வது?
- வாசகி, பல்லடம்

பதில்: உங்கள் அப்பாவுக்கு வந்தது தாழ்சர்க்கரை. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு. 54-க்கும் கீழே இறங்கினால் மூளைக்கே தீனி போதாமல் பேச்சு குழறும், கால் பின்னும், காரணமில்லாமல் கோபம் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அப்படியே போதை மாதிரிதான் தெரியும். இதில் கொடுமை என்னவென்றால், "எனக்குச் சர்க்கரை, கொஞ்சம் இனிப்பு கொடுங்கள்" என்று சொல்லவேண்டிய அந்த நிமிடத்தில்தான் அதைச் சொல்லும் தெளிவு அவருக்கு இருக்காது, என்ன கேட்டாலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சாதிப்பார்.

இது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். 1984-ல் அமெரிக்காவின் சார்லட் நகரில் கிரஹாம் என்ற சர்க்கரை நோயாளி, சர்க்கரை இறங்குவது தெரிந்து ஆரஞ்சு ஜூஸ் வாங்க நண்பரின் காரில் கடைக்குப் போனார். வரிசை நீளம் என்று உடனே வெளியே ஓடிவந்தவரைச் சந்தேகப்பட்டுப் போலீஸ் நிறுத்தியது. குடிபோதை என்று சொல்லி விலங்கு மாட்டினார்கள், இன்னொரு நண்பர் ஜூஸ் கொண்டுவந்தும் குடிக்க விடவில்லை. கால் எலும்பு முறிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், போலீஸ் பலப்பிரயோகத்தை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்கே 1989-ல் ஒரு முக்கியத் தீர்ப்பு வந்தது. இத்தனைக்கும் அவர் வண்டி ஓட்டக்கூட இல்லை!

நம் சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது சோதனையில் தெரிந்தால்தான் குடிபோதைக் குற்றம். தள்ளாடினார் என்பது மட்டும் போதாது. அதனால் ஊதச் சொன்னால் தகராறு செய்யாமல் ஊதிவிடச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நாமே கேட்டு ஊதலாம், குடிக்காதவருக்கு அந்தக் கருவிதான் சாட்சி. ஊதியதில் ஒன்றும் காட்டவில்லை, ஆனாலும் ஆள் தெளிவாக இல்லை என்றால் அடுத்து அங்கே நடக்கவேண்டியது விசாரணை இல்லை, வைத்தியம். காவல் துறையில் இருக்கும் வாசகர்களிடம் இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மது வாடை வந்தால்கூடச் சர்க்கரையைப் பாருங்கள், ஏனென்றால் மதுவே சர்க்கரையை இறக்கிவிடும். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, அப்பா என்ன செய்ய வேண்டும்? வண்டி எடுக்கும் முன் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பார்க்கட்டும். பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டு எடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார் என்று சொல்கிறார்கள், நமக்கும் நல்ல அளவுகோல்தான். ஓட்டும்போது வியர்த்தால் உடனே ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டு, மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரை ஏறிய பிறகும் முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். குடிக்கவில்லை என்பதாலேயே அந்த நிலையில் ஓட்டியது சரியாகிவிடாது, எதிரே வந்த பைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

டீயில் போட்ட சர்க்கரை அன்றைக்குக் கைகொடுத்தது. ஆனால் நம் ஊரில் பலர் சாப்பிடும் மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையில் வோக்ளிபோஸ் இருந்தால் சாதாரணச் சர்க்கரை உடனே ஏறாது, குளுக்கோஸ்தான் வேண்டும். மாத்திரை அட்டையின் பின்பக்கம் பாருங்கள். "சர்க்கரை நோயாளி, தடுமாறினால் குளுக்கோஸ் கொடுக்கவும்" என்று எழுதி, உங்கள் போன் நம்பரோடு, டாஷ்போர்டில் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டுங்கள். பர்ஸுக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது.

அப்புறம் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அவருடைய டாக்டரிடம் கட்டாயம் போங்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரையைக் கீழே இழுத்துவிடும். லோடு வண்டி ஓட்டுபவருக்கு மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது அவர் கையில் இல்லை, அதைச் சொல்லி, அப்படி இறக்காத மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.