தேவாரப் பாடலுக்கு வீட்டில் ஒன்று, பக்கத்து ஊர் மடத்தில் ஒன்று என்று ஆளாளுக்கு ஒரு பொருள் சொல்கிறார்களே, எதை ஏற்பது?

திருச்செங்கோட்டோடு சேர்த்துச் சொல்லப்படும், திருஞானசம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே சொல்கிறேன்.

‘அவ்வினைக்கு இவ்வினையாம்’ (முன் செய்த வினைக்கு இது பலன்) என்ற தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "பாருங்க, சம்பந்தரே எல்லாம் விதின்னு சொல்லிட்டாருங்க" என்பவர்கள் நம் கொங்குப் பக்கம் உண்டு. அடுத்த அடிக்குப் போங்கள். ‘உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே’, அதாவது தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறைதானே என்று கேட்கிறார். வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதைக் கண்டிக்கிறார். இரண்டாம் பாட்டு சோலை வைப்பதையும் குளம் வெட்டுவதையும் பேசுகிறது. அரை அடியில் நின்றவருக்கு இது எதுவும் கண்ணில் படாது.

இனி மரபு. அடியார்களுக்கு வந்த குளிர்காய்ச்சல் தீரப் பாடியது என்கிறது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். பதிகத்துக்குள் காய்ச்சல் என்ற பேச்சே இல்லை. அதற்காக அந்த வரலாற்றைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் பாட்டு சொல்வது எது, மரபு சேர்த்தது எது என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வழக்கத்துக்கும் பக்கத்து ஊர் மடத்து விளக்கத்துக்கும் உள்ள சண்டை பாதி அங்கேயே அடங்கிவிடும்.

ஆசை நுழைவதுதான் பெரிய சிக்கல். நமக்கு வசதியான பொருள் சட்டென்று கிடைத்தால், பதிகம் முழுவதையும் ஒருமுறை படித்து அது நிற்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலுக்கு இதைப் பாடுவது நல்ல வழக்கம். பாடினால் போதும், மருத்துவமனை வேண்டாம் என்பதற்கு மட்டும் இந்தப் பதிகத்தில் இடமே இல்லை.