பக்கத்து இருக்கையில் ஒருவர்: புல்டாக் விமானம், கேள்வி பதில்

பினாங்கு வாசகர் வட்டம் இந்த மாதம் என்னைப் பிடித்துவைத்திருக்கிறது. 1970-களின் நடுவில் மலேசிய விமானப்படையின் ஆலோர் ஸ்டார் தளத்தில் புல்டாக் பயிற்சி விமானத்தில் பறக்கக் கற்றவன் நான். பிறகு சில ஆண்டுகள் அதே விமானத்தில் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த விமானத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பயணிகள் விமானம், டிக்கெட் விலை, காணாமற்போன விமானம் பற்றிய கேள்விகளை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டேன்.

கிள்ளான், கல்லூரி மாணவர்: புல்டாக் என்ற பெயர் எப்படி வந்தது? நம் நாட்டில் எத்தனை இருந்தன?

இங்கிலாந்தில் பீகிள் என்றொரு நிறுவனம். அதுவும் ஒரு நாயினத்தின் பெயர்தான். 1967-இல் அவர்கள் பறக்கவிட்ட சிறு விமானத்துக்கு 'பப்', அதாவது நாய்க்குட்டி, என்று பெயர் வைத்தார்கள். அதையே வலுவாக்கி, 200 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் என்ஜினைப் பூட்டி, 1969 மே மாதம் பறக்கவிட்டபோது குட்டி புல்டாக் ஆகிவிட்டது. சில மாதங்களில் நிறுவனம் நொடித்துப்போனது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் நகரில் இருந்த ஸ்காட்டிஷ் ஏவியேஷன் அதை எடுத்து நடத்தியது. 1958-இல் நம் விமானப்படைக்கு வந்த முதல் விமானம், 'லாங் ராஜாவலி' என்று பெயரிடப்பட்ட ட்வின் பயனியர், அதுவும் இதே நிறுவனம் செய்ததுதான்.

நாம் வாங்கியவை 15. 1971, 1972-இல் வந்து சேர்ந்தன. சுவீடன் நம்மைவிடப் பல மடங்கு வாங்கியது. பிரிட்டிஷ் விமானப்படை பின்னால் வந்து 130 வாங்கியது.

பெயர் இல்லாமல் ஒருவர்: அது போரில் கலந்துகொண்டதா?

இல்லை. எங்களோடு மட்டும்தான் போராடியது.

கெப்பாளா பத்தாஸ், இல்லத்தரசி: நீங்கள் பயிற்சி பெற்றது எங்கள் கெப்பாளா பத்தாஸில்தான் என்று என் மாமனார் சொல்கிறார். இங்கே ஓடுபாதை எங்கே இருந்தது?

உங்கள் ஊர் செபராங் பிறையில் இருப்பது. ஆலோர் ஸ்டார் விமான நிலையம் இருப்பது கெடாவின் கெப்பாளா பத்தாஸில். உங்கள் மாமனார் சொன்ன பெயர் சரி, மாநிலம்தான் மாறிவிட்டது.

பாயான் பாரு, ஓய்வுபெற்ற ஆசிரியை: முதன்முதலாகத் தனியே பறந்தபோது பயந்தீர்களா, ஐயா?

இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், டீச்சர்.

புல்டாக்கில் இருவர் அருகருகே உட்கார வேண்டும். மாணவன் இடப்பக்கம், பயிற்றுநர் வலப்பக்கம். தோளும் தோளும் உரசும். பன்னிரண்டு மணி நேரம் அவருடைய வியர்வையும் என் வியர்வையும் ஒரே கண்ணாடிக் கூண்டுக்குள் வெந்துகொண்டிருந்தன. அன்று காலை மூன்று முறை தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையின் ஓரமாக நிறுத்தச் சொன்னார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. கூண்டைப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினார். உடனே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. இறக்கைமேல் நின்றபடி குனிந்து, தான் கழற்றிய இருக்கை வார்களை ஒவ்வொன்றாகப் பூட்டி இறுக்கினார். தளர்வாகக் கிடந்தால் வார் நழுவி, விமானத்தை இயக்கும் கைப்பிடியான ஸ்டிக்கில் சிக்கிக்கொள்ளும். ஆளில்லாத இருக்கையை அவ்வளவு பொறுமையாகக் கட்டிவைத்த பிறகு, என் தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான், ஒரு சொல் இல்லை.

என்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளினேன். ஒரு ஆள் எடை குறைந்திருந்ததால் விமானம் நான் எதிர்பார்த்ததற்கு முன்பே தரையைவிட்டது. ஏறும்போது குனோங் கெரியாங் குன்று எப்போதும் அவருடைய தோளுக்குப் பின்னால் பாதிதான் தெரியும். அன்று முழுதாகத் தெரிந்தது. அப்போதுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உறைத்தது. பயம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் இறங்கி நிறுத்திய பிறகுதான் வந்தது. முழங்கால் நடுங்கியது. கீழே நின்ற பணியாளர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் திரும்பிக்கொண்டார்.

ரவாங், இளைஞர்: விமானி ஆக என்ன படிக்க வேண்டும்? சம்பளம் எவ்வளவு?

விமானப்படையின் ஆள்சேர்ப்பு அலுவலகத்தைக் கேளுங்கள், தம்பி. நான் வாங்கிய சம்பளம் இன்று உங்கள் கைப்பேசிக் கட்டணத்துக்குக்கூடப் போதாது.

பத்து காஜா, புகைப்படக்காரர்: காட்சிக்கு வைத்திருக்கும் பழைய விமானத்தில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட்டு, ஓடுவதுபோல் படம் எடுக்கலாமா?

வேண்டாம். இதை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், இங்கே ஆயிரத்தொன்றாவது முறை சொல்கிறேன். இவ்வகை என்ஜினில் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. அதற்கு பேட்டரி தேவையில்லை. உள்ளே இருக்கும் காந்தம் சுழன்றாலே போதும். சுவிட்சை அணைத்தால், ஒரு கம்பி மேக்னெட்டோவை என்ஜினின் உலோக உடலோடு இணைத்து, பொறி வராமல் தடுக்கும். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் 'ஆஃப்' என்று காட்டும், மேக்னெட்டோ உயிரோடிருக்கும். மெதுவாகச் சுற்றும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மெதுவான சுழற்சியிலும் பொறி வரட்டும் என்று வைத்திருக்கும் சுருள்வில் விடுபடும் சத்தம் அது. சிலிண்டரில் மிச்சப் பெட்ரோல் ஆவி இருந்தால் உங்கள் கை போய்விடும். அருங்காட்சியகத்தில் இருப்பது வெறும் கூடு என்பீர்கள். வெறும் கூடா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் வழி இதுவாக இருக்கக் கூடாது.

பிறை, மோட்டார் பட்டறை வைத்திருப்பவர்: புல்டாக்கில் இருந்தது எரிபொருளைப் பீய்ச்சும் என்ஜினாமே. நம் வெயிலில் சூடாக நின்ற பிறகு மறுபடி கிளம்பியதா?

நல்ல கேள்வி, அண்ணே. தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. காலையில் ஒரே சுற்றில் பிடிக்கும். நண்பகலில் இறங்கி, அணைத்துவிட்டு, தேநீர் குடித்து இருபது நிமிடத்தில் திரும்பி வந்தால் முரண்டு பிடிக்கும். ஓடும்போது காற்று குளிர்விக்கிறது. நின்றதும் சிலிண்டரின் சூடெல்லாம் மேலே ஏறி, அங்கே ஓடும் மெல்லிய எரிபொருள் குழாய்களைச் சுடவைக்கிறது. குழாய்க்குள் இருப்பது ஆவியாகிவிடுகிறது. புதிதாக வந்தவர்கள் பதறிப்போய் பம்பைப் போட்டு எரிபொருளை ஊற்றுவார்கள். என்ஜின் மூழ்கிவிடும், பேட்டரியும் தீர்ந்துவிடும். வழி இதுதான்: பம்பைத் தொடாதே, எரிபொருள் கலவைக் கைப்பிடியை மூடிய நிலையில் வை, த்ராட்டிலைச் சற்றே திற, ஸ்டார்ட்டரைச் சுற்று, முதல் வெடிப்பு கேட்டதும் கலவையை முன்னே தள்ளு. அந்த நேரத்துக்காகக் காதைத் தீட்டிவைத்திருக்க வேண்டும். பட்டறைக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

செராஸ், முன்னாள் பிசி-7 விமானி: அருகருகே உட்கார்ந்து கற்றவர்கள் கடைசிவரை யாரையாவது சாய்ந்தே பறப்பார்கள், சார். முன்னும் பின்னுமாக உட்காருவதுதான் போர் விமானிக்கான பயிற்சி.

வந்துவிட்டீர்கள், தம்பி. எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 1983 முதல் புல்டாக்கின் இடத்துக்கு வந்தது சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-7. டர்பைன் என்ஜின், மடங்கும் சக்கரங்கள், மாணவன் முன்னால், பயிற்றுநர் பின்னால். அருமையான விமானம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்னிருக்கையில் உட்கார்ந்த பயிற்றுநருக்கு என்ன தெரியும்? ஒரு தலைக்கவசத்தின் பின்பக்கம். எனக்கோ மாணவனின் கை தெரிந்தது. ஸ்டிக்கை விரல்நுனியால் பிடித்திருக்கிறானா, மாட்டுக் கயிறுபோல் இறுக்கியிருக்கிறானா என்று பார்க்க முடிந்தது. தரையிறங்கும்போது கண்ணை ஓடுபாதையின் கடைசியில் வைக்காமல் மூக்குக்கு முன்னால் வைப்பவன் கட்டாயம் தரையில் முட்டி எழுவான். அவன் கண் எங்கே போகிறது என்று பார்த்தாலே முன்கூட்டித் தெரிந்துவிடும். பின்னிருக்கையில் இருப்பவருக்கு முட்டிய பிறகுதான் தெரியும்.

மறுபடி செராஸ்: ஆனால் நடுக்கோட்டில் உட்காராததால் இடப்பக்கத் திருப்பமும் வலப்பக்கத் திருப்பமும் வேறுவேறாகத் தெரியுமே?

தெரியும், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பதால், இடப்பக்கம் சாயும்போது அடிவானம் மூக்கில் ஓரிடத்திலும், வலப்பக்கம் சாயும்போது வேறோரிடத்திலும் வெட்டும். முதல் வாரம் முழுக்க மாணவர்கள் ஒரு பக்கம் ஏறுவார்கள், மறுபக்கம் இறங்குவார்கள். இரண்டாம் வாரம் சரியாகிவிடும். அதற்காக இருக்கையையே பின்னால் கொண்டுபோய் வைப்பார்களா?

தைப்பிங், எண்பதைத் தாண்டிய பெரியவர்: இரண்டு பேரும் சும்மா இருங்கள். மூக்குச் சக்கரம் வைத்த விமானத்தில் கற்றவர்கள் எல்லோரும் முச்சக்கர சைக்கிள்காரர்கள். நாங்கள் புரோவோஸ்டில் தோட்டா போட்டு என்ஜினைக் கிளப்பியவர்கள்.

ஐயாவுக்கு வணக்கம். புல்டாக்குக்கு முன் நம் படையிலிருந்த பெர்சிவல் புரோவோஸ்டைச் சொல்கிறார். 550 குதிரைத்திறன், வட்டமாக அடுக்கிய சிலிண்டர்கள், வால் சக்கரம். துப்பாக்கித் தோட்டாபோன்ற ஒன்றை வெடித்துத்தான் என்ஜினைச் சுற்றுவார்கள், அது உண்மை. வால் சக்கர விமானத்தில் எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடும்போது சற்றுக் கோணினால் வால் முந்திக்கொண்டு வந்து சுழற்றிவிடும். ஆகவே கால் தூங்கவே முடியாது. உங்கள் கால்கள் எங்கள் கால்களைவிடச் சிறந்தவை, ஐயா. வாதாடவில்லை.

ஆனால் புரோவோஸ்டிலும் அருகருகேதானே உட்கார்ந்தீர்கள்? செராஸ் தம்பி, கவனித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி தைப்பிங்: உட்கார்ந்தோம். பயிற்றுநர் முழங்கையால் விலாவில் இடிப்பார். இன்றும் வலிக்கிறது.

அந்த முழங்கைதான் என் வாதம்.

மறுபடி செராஸ்: போர் விமானத்தில் யார் இடிப்பார்கள்?

தெபுவான் நினைவிருக்கிறதா? கனடாவின் சிஎல்-41. 1967 முதல் குவாந்தானில் இருந்த நம் முதல் ஜெட் தாக்குதல் விமானம், மொத்தம் 20. அதிலும் இருவர் அருகருகே. தெபுவான் என்றால் குளவி. குளவிக்கே பக்கத்தில் துணை தேவைப்பட்டிருக்கிறது. பிரிட்டிஷ்காரர்களின் பயிற்சி விமானங்களையே பாருங்கள். சிப்மங்கில் முன்பின், புரோவோஸ்டில் அருகருகே, டுகானோவில் முன்பின், புல்டாக்குக்குப் பதில் வந்த குரோப் விமானத்தில் மறுபடி அருகருகே. அவர்களாலேயே முடிவு செய்ய முடியாததை நாம் இங்கே முடிக்கப்போவதில்லை. மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

செந்தூல், ஒருவர்: விமானி ஆக எவ்வளவு செலவாகும்? கண்ணாடி போட்டவர் ஆகலாமா?

மேலே ரவாங் தம்பிக்குச் சொன்ன பதில்.

ஈப்போ, பொறியியல் மாணவி: புல்டாக் ஸ்பின்னில் ஆபத்தானது என்று படித்தேன். ஏன்?

ஆபத்தானது அல்ல, அம்மா. ஒழுங்கு எதிர்பார்ப்பது. இறக்கையின் தூக்குவிசை முறிந்த நிலையில் ஒரு பக்கம் மற்றதைவிட அதிகமாக முறிந்தால், விமானம் திருகாணிபோல் சுழன்றுகொண்டே விழும். அதுதான் ஸ்பின். மீளும் வரிசை: த்ராட்டிலை மூடு. எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கருவியில் பார். எதிர்ப்பக்கச் சுக்கான் மிதியை முழுதாக மிதி. ஒரு கணம் பொறு. பிறகு ஸ்டிக்கை நேராக முன்னே தள்ளு. சுழற்சி நின்றதும் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்து, பாய்ச்சலிலிருந்து மெல்ல எழு.

பயந்த மாணவன் முதலில் செய்வது ஸ்டிக்கைத் தள்ளுவது. தரை நேரே தெரிகிறதல்லவா, கை தானாகப் போகும். சுக்கானுக்கு முன் ஸ்டிக் போனால் புல்டாக் நிற்காது, இன்னும் வேகமாகச் சுழலும். பனித்தரையில் சறுக்கி ஆடுகிறவர்கள் விரித்த கையை உடம்போடு சேர்த்ததும் வேகமாகச் சுற்றுவார்களே, அதுபோல. அப்போது ஸ்டிக்கை மறுபடி முழுதாகப் பின்னால் இழுத்து, வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கீழே கெடா நெல்வயல்கள் பச்சைத் தட்டுபோல் சுற்றிக்கொண்டிருக்க, "முதலிலிருந்து" என்று அமைதியாகச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. செராஸ் தம்பி படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

சுங்கை பட்டாணி, ஒருவர்: அவ்வளவு வயல் இருக்கிறதே, என்ஜின் நின்றால் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம்தானே?

மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நடவு முடிந்த வயலில் தண்ணீரும் சேறும் இருக்கும். மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் கரணம் போடும். அறுத்துக் காய்ந்த வயலாகப் பார்க்க வேண்டும், வரப்புக்குக் குறுக்கே போகாமல் அதன் நீளவாக்கில் இறங்க வேண்டும். எந்த மாதம் எந்தப் பக்கம் அறுவடை என்பதை உழவர்களுக்கு அடுத்தபடி எங்கள் பள்ளிதான் தெரிந்துவைத்திருந்தது.

கோலாலம்பூர், பையன்: கணினி விளையாட்டில் ஓட்டினால் போதுமா?

வியர்க்காது. அதனால் போதாது.

பட்டர்வொர்த், ஒருவர்: எங்கள் பள்ளி விழாவில் பழைய என்ஜின் ஒன்றைக் காட்சிக்கு வைக்கிறோம். பிள்ளைகள் புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்க்க...

வேண்டாம். மேலே போய்ப் படியுங்கள். கயிறு கட்டி வேலி போடுங்கள்.

நிபோங் திபால், ஒரு பெண்: என் அப்பா ஆலோர் ஸ்டார் தளத்தில் வேலை செய்தார். இப்போது இல்லை. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் இருக்கிறது. சிறிய விமானத்தின் இறக்கை ஓரமாக நின்றுகொண்டு, கயிறு கட்டிய இரண்டு கட்டைகளை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அவை சக்கரக் கட்டைகள், அம்மா. என்ஜின் கிளம்பும்போது விமானம் நகராமலிருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைப்பது. விமானி இரண்டு கட்டைவிரல்களையும் வெளிப்பக்கமாகக் காட்டினால், எடுக்கலாம் என்று பொருள். உங்கள் அப்பா இறக்கைக்குப் பின்பக்கமாகக் குனிந்து போய், கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்திருப்பார். புரொப்பெல்லர் பக்கம் ஒரு நாளும் போயிருக்க மாட்டார். பிறகு விமானியின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வந்து நின்று, இரண்டையும் இப்படித் தூக்கிக் காட்டுவார். இரண்டும் என் கையில் இருக்கின்றன, கீழே ஒன்றும் இல்லை, போகலாம் என்று அர்த்தம். நாங்கள் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையசைப்போம். அவர் தூக்கிக் காட்டாமல் நான் ஒரு முறைகூட நகர்ந்ததில்லை.

படத்தில் விமானத்தின் பக்கவாட்டில் எண் தெரிகிறதா? பின்பக்கம் தேதி எழுதியிருக்கிறதா? இரண்டையும் அனுப்புங்கள். என் பறப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் எந்த எண்ணுள்ள விமானத்தில் ஏறினேன் என்று இருக்கிறது. தேடிப் பார்க்கிறேன்.