பட்டறைக்கு முன் அந்த முதல் ஒரு மணி நேரத்தைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றைக் கட்டற்ற மென்பொருளாக 3 ஆண்டுகளாக எழுதி வருகிறேன். பைதானில் எழுதியது, கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) என் கணக்கில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரியில் பட்டறை நடத்தினேன். 40 பேர் ஆர்வமாக டெலிகிராம் குழுவில் சேர்ந்தார்கள். 6 பேர் புல் ரிக்வெஸ்ட் (தங்கள் திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பினார்கள். இன்று ஒருவர்கூட இல்லை, எல்லா வேலையும் மறுபடி என் தலையில். அடுத்த பட்டறைக்கு அழைப்பு வந்திருக்கிறது. இந்த முறை வருகிறவர்களைத் தக்கவைக்க என்ன செய்ய வேண்டும்? (கோவை வாசகர்)

பதில்: அடுத்த பட்டறையை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். 40 பேர் வந்ததே உங்கள் பேச்சு எடுபட்டது என்பதற்குச் சாட்சி. அவர்கள் வீட்டுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரே வழிதான். அந்த 40 பேரில் இன்னும் ஒரு வரிகூட அனுப்பாத ஒருவரைச் சனிக்கிழமை அழையுங்கள். திரையைப் பகிரச் சொல்லி, ரிப்போவின் (திட்டக் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எதை இரண்டு முறை படிக்கிறார், எதைக் கூகுளில் தேடுகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

என் திட்டத்துக்கு வந்த ஒரு மாணவியின் பக்கத்தில் இப்படி உட்கார்ந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. பைதானின் புதிய பதிப்பை அன்று காலைதான் நிறுவியிருந்தாள். எங்கள் நிறுவல் நிரலோ டிஸ்ட்யூட்டில்ஸ் தொகுதியை நம்பி எழுதியது. பைதான் 3.12-இல் அந்தத் தொகுதியே எடுக்கப்பட்டுவிட்டது. சிவப்பு எழுத்தில் 20 வரி வந்தது. பழைய பதிப்பைத் தேடி நிறுவினாள், அரை மணி நேரம் போனது. அடுத்துச் சொற்பட்டியலைப் படிக்கும் இடத்தில் ‘8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை’ என்று இன்னொரு பிழை. அவளுடையது விண்டோஸ். அங்கே குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால், பைதான் அதை எல்லா மொழிக்கும் பொதுவான யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாமல் பழைய மேற்கத்தியக் குறியாக்கமாக எடுத்துக்கொள்கிறது. தமிழ்ப் புள்ளி யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள், கடைசிப் பைட் 8டி. அந்தப் பழைய குறியாக்கத்தில் அந்த எண்ணுக்கு எழுத்தே கிடையாது. கோப்பில் வரும் முதல் மெய்யெழுத்திலேயே நிரல் விழுந்துவிடும். நான் லினக்ஸில் வேலை செய்பவன், ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தப் பிழை என் கண்ணில் பட்டதில்லை. அவள் என்னிடம், “சார், எனக்குத்தான் சரியா வரல போல” என்றாள். தவறு முழுக்க எங்கள் நிரலில் இருந்தது. பக்கத்தில் நான் இல்லாதிருந்தால் அந்த நினைப்போடே அவள் போயிருப்பாள்.

உங்கள் நிரலில் கோப்பு திறக்கும் எல்லா இடத்திலும் குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்களா என்று இன்றே தேடிப் பாருங்கள். உங்கள் 40 பேரில் பெரும்பாலானோர் விண்டோஸில்தான் இருப்பார்கள்.

சனிக்கிழமை குறித்த தாளை ரீட்மீயாக (திட்டத்தின் அறிமுகக் கோப்பு) மாற்றுங்கள். எந்தப் பைதான் பதிப்பு, எந்தெந்தக் கட்டளை, ஒவ்வொன்றுக்கும் திரையில் என்ன வர வேண்டும், மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும் என்று வரிசையாக எழுதுங்கள். டெலிகிராமில் சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் விடாதீர்கள், அங்கே சொன்னது மறுநாளே மேலே போய்விடும். பங்களிப்பு முறையைக் கான்ட்ரிப்யூட்டிங் கோப்பாகத் தனியே வைத்தால், இஷ்யூவோ (பிழை அல்லது வேலைக் குறிப்பு) புல் ரிக்வெஸ்ட்டோ திறக்கிறவருக்குக் கிட்ஹப்பே அதன் இணைப்பைக் காட்டும். நினைவகம் குறைந்த மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர்களுக்குக் கிட்ஹப் கோட்ஸ்பேஸஸ் (இணையத்தில் இயங்கும் கணினி) நல்ல வழி. தனிநபர் கணக்குக்கு 2 கோர் இயந்திரத்தில் மாதம் 60 மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது, உலாவி மட்டும் இருந்தால் போதும்.

அடுத்தது வேலை. ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவருக்கு ஏற்ற முதல் வேலை) என்று அட்டை ஒட்டிவிட்டால் ஒரு வேலை எளிதாகிவிடாது. ‘சந்திப் பிழைகளைக் கண்டறிய வேண்டும்’ என்ற இஷ்யூவை எடுத்துக்கொண்டு ஒரு மாணவர் எங்கே தொடங்குவார்? அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “‘அந்த பையன்’ என்று எழுதினால் நம் திருத்தி பிழை காட்டுவதில்லை. விதிக் கோப்பில் ‘இந்த’ மட்டும் இருக்கிறது. ‘அந்த’, ‘எந்த’ இரண்டையும் அதே முறையில் சேர்க்க வேண்டும். சோதனைக் கோப்பில் மூன்று வாக்கியம் சேருங்கள். சோதனை முழுதும் பச்சையாக வந்தால் வேலை முடிந்தது. சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன்.” இதை எழுத உங்களுக்கு 20 நிமிடம் ஆகும். நீங்களே திருத்தினால் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த 15 நிமிடத்தைச் செலவழிக்க மனம் வர வேண்டும். இதுபோல் பத்து வேலைகள் தயாரான பிறகு பட்டறைக்குத் தேதி கொடுங்கள்.

ரீட்மீயில் ஒரு காற்புள்ளியைத் திருத்தச் சொல்வதை முதல் வேலையாகக் கொடுக்காதீர்கள். 2020 அக்டோபரில், கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பவர்களுக்குப் பரிசு தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு நடந்தபோது டி-சட்டைக்காக அப்படிப்பட்ட திருத்தங்கள் வந்து குவிந்தன. மெயின்டெய்னர்கள் (திட்டத்தைப் பராமரிப்பவர்கள்) திணறிப்போக, விரும்பும் திட்டங்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று ஏற்பாட்டாளர்கள் அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. சிறிய வேலையாக இருக்கலாம், ஆனால் அது சேர்ந்ததால் மென்பொருள் ஒரு படி மேலானது என்று செய்தவருக்குத் தெரிய வேண்டும்.

பிழைதிருத்திக்கு நிரலர்கள் மட்டும் போதாது என்பதையும் மறக்காதீர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உங்கள் சொற்பட்டியலைப் பார்த்துக் கொடுத்தால் அது பத்து புல் ரிக்வெஸ்ட்டுக்குச் சமம். அவரைக் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) படிக்கச் சொல்லாதீர்கள். விரிதாளாகக் கொடுங்கள், அதைக் கமிட் செய்வது (ரிப்போவில் பதிவது) உங்கள் பொறுப்பு. பங்களிப்பாளர் பட்டியலில் அவர் பெயரும் அதே வரிசையில் இருக்கட்டும்.

இப்போது அந்த 6 புல் ரிக்வெஸ்ட்டுக்கு வருவோம். அவற்றைத் திறந்து பாருங்கள், எத்தனை நாள் கழித்துப் பதில் சொன்னீர்கள் என்று எண்ணுங்கள். முதல் திருத்தத்துக்கு 48 மணி நேரத்துக்குள் மதிப்பாய்வு கிடைத்தவர்கள் திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா தன் பங்களிப்பாளர்களிடையே நடத்திய ஆய்வில் கண்டது. என் அனுபவமும் அதுவே. இன்னொன்றும் இருக்கிறது. முதன்முறை பங்களிப்பவர் ஃபோர்க்கிலிருந்து (ரிப்போவின் சொந்த நகல்) அனுப்பினால், தானியங்கிச் சோதனைகள் தாமாக ஓடுவதில்லை. மெயின்டெய்னர் ஒப்புதல் தரும்வரை கிட்ஹப் அவற்றை நிறுத்தி வைக்கும். அனுப்பியவருக்கோ தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகத் தோன்றும். முழுதாகப் படித்துப் பார்க்க நேரமில்லாவிட்டாலும் சோதனையை ஓடவிட்டு, “பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்” என்று ஒரு வரி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எழுதியும் விடுங்கள்.

மதிப்பாய்வில் பதினான்கு குறை தெரிந்தால் இரண்டை மட்டும் சொல்லுங்கள். இடைவெளி, வரி நீளம் போன்றவற்றை ஒரு ஃபார்மேட்டர் கருவி பார்த்துக்கொள்ளும். மிச்சத்தை, மெர்ஜ் செய்த (ரிப்போவில் சேர்த்துக்கொண்ட) பிறகு நீங்களே திருத்தலாம், அல்லது அவருக்கே அடுத்த வேலையாகக் கொடுக்கலாம்.

நம் மாணவர்கள் பொதுவில் கேள்வி கேட்கக் கூசுவார்கள். தனிச் செய்தியில் “அண்ணா, ஒரு சின்ன டவுட்” என்று வரும். கடிந்துகொள்ளாதீர்கள். “நல்ல கேள்வி, இதையே இஷ்யூவில் போடு, அங்கே பதில் சொல்கிறேன்” என்று சொல்லி, சொன்னபடி உடனே அங்கே பதில் எழுதுங்கள். இரண்டு முறை அப்படி நடந்தால் கூச்சம் போய்விடும். அதே கேள்வியோடு அடுத்து வருபவருக்கும் பதில் அங்கேயே இருக்கும். உங்களுக்குத் தெரியாததையும் அங்கேயே “எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று எழுதுங்கள். அதைப் படிக்கும் மாணவருக்கு அது பெரிய தைரியம்.

மூன்று நான்கு திருத்தம் முடித்தவருக்குப் பொறுப்பு கொடுங்கள். ரிப்போவை ஒரு நிறுவனக் கணக்குக்கு மாற்றினால் (இலவசம்தான்) டிரியாஜ் உரிமை மட்டும் தனியாகத் தரலாம். நிரலைத் தொடாமல் இஷ்யூக்களை வகைப்படுத்தவும் மூடவும் அது போதும். முழு உரிமையை மட்டும் களைப்பில் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் கோப்புச் சுருக்கக் கருவியான எக்ஸ்இசட் யூட்டில்ஸில் நடந்தது அதுதான். தனியாளாகச் சோர்ந்திருந்த மெயின்டெய்னரை ஒருபக்கம் சில கணக்குகள் நெருக்க, மறுபக்கம் இரண்டு ஆண்டுக்கும் மேலாக நல்ல பங்களிப்புகள் செய்து நம்பிக்கை பெற்ற ஒரு கணக்கு, கடைசியில் பின்கதவை (ரகசியமாக உள்ளே புகும் வழி) நுழைத்துவிட்டது. தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். வெளியீட்டுச் சாவி உங்களிடமே இருக்கட்டும், அன்றாட வேலையைப் பகிருங்கள்.

வேலையை எடுத்தவர் இரண்டு வாரம் சத்தமில்லாமல் இருந்தால், “தேர்வு நேரமா? விட்டுவிடவா, வைத்திருக்கவா?” என்று கேளுங்கள். விட்டுவிடுவதில் குற்ற உணர்ச்சி இல்லை என்று தெரிந்தால் அடுத்த விடுமுறையில் அவர் திரும்பி வருவார்.

பட்டறைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை இன்னொன்று. அந்த 6 பேருக்கும் இன்று இரவு தனித்தனியே எழுதுங்கள். அவரவர் அனுப்பிய திருத்தத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பதில் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டு, அதில் எது நன்றாக இருந்தது என்று ஒரு வரி சேர்த்து, இப்போது மெர்ஜ் செய்ய முடிவதைச் செய்துவிடுங்கள். அவர்களில் இரண்டு பேர் பதில் போட்டாலும், அடுத்த பட்டறையில் மாணவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க உங்களோடு இரண்டு பேர் இருப்பார்கள்.