கரண்ட் போனாலும் க்யூவில் நிற்கும் வேலை போகாது

கேள்வி: அக்கா, எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்காக கிஸ்கிட் என்ற ஐபிஎம்மின் குவாண்டம் மென்பொருளில் நிரல் எழுதி, ஐபிஎம் குவாண்டம் கணினிக்கு ஒரு வேலை அனுப்பினேன். க்யூவில் நிற்கும்போதே ஐப்பசி மழையில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்துவிட்டது. வேலை தொலைந்தது என்று மறுபடி அனுப்பினேன். இப்படி நான்கு தடவை. இப்போது ஐபிஎம் தரும் இலவச 10 நிமிட இயந்திர நேரத்தில் பாதி காலி. இன்னும் ஏதாவது நிற்கிறதா என்றும் தெரியவில்லை.
- வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் வேலை எங்கும் தொலையவில்லை. அனுப்பியதுமே அது லேப்டாப்பை விட்டுக் கிளம்பிவிட்டது. க்யூ இருப்பது அவர்கள் சர்வரில். கரண்ட் போனதும் அறுந்தது, பதிலுக்குக் காத்திருந்த உங்கள் நிரல் மட்டும்தான். 'ரிசல்ட்' என்று கூப்பிடும் வரி, வேலை முடியும்வரை நகராமல் நிற்கும். அது பாதியில் போனதால் பயந்துவிட்டீர்கள்.

இன்றே உட்கார்ந்து, 'ஜாப்ஸ்' கட்டளையில் 'பெண்டிங்' என்பதற்கு 'ட்ரூ' கொடுத்துக் கேளுங்கள். க்யூவில் நிற்பவையும் ஓடிக்கொண்டிருப்பவையும் மட்டும் வரும். 'லிமிட்' சொல்லாவிட்டால் பத்து வேலைகளோடு பட்டியல் நின்றுவிடும், அதனால் அதையும் கூட்டிக் கொடுங்கள். நிமிடங்கள் செலவாகியிருப்பதால் ஒரு நகலாவது ஓடி முடிந்திருக்கும். 'டன்' (முடிந்தது) என்று இருப்பதன் ஜாப் ஐடியை, அதாவது அந்த வேலையின் அடையாளக் குறியைக் கொடுத்து ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு, நிற்கும் மற்ற நகல்களை 'கேன்சல்' செய்துவிடுங்கள். க்யூவில் எவ்வளவு நேரம் நின்றாலும் கணக்கில் வராது. இயந்திரத்தில் ஏறிய பிறகுதான் உங்கள் நிமிடம் கரையும். ஆகவே ஏறுவதற்குள் நிறுத்த வேண்டும். முடிந்துபோன வேலையைக் கேன்சல் செய்தால் பிழைச் செய்தி வரும், அதற்குப் பதற வேண்டாம்.

ஆனால் கேன்சல் வேறு, டெலீட் வேறு. போன வருடம் என்னிடம் படித்த ஒரு பையனின் பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று, முடிந்த வேலை ஒன்றை டெலீட் செய்துவிட்டேன். ரிசல்ட்டும் சேர்ந்து போனது. திரும்ப எடுக்க வழியே இல்லை. அவனுடைய நிமிடங்கள் அவை. இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

அப்புறம், ஜாப் ஐடி. எங்கள் அப்பா பச்சைத் தேயிலை எடை போட்டுவிட்டு வந்தால், ஈரக் கோட்டைக் கழற்றும் முன்பே உள்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துத் தேதியும் கிலோவும் எழுதுவார். ரசீது மழையில் ஊறிப்போனாலும் நோட்டு பேசும் என்பார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வேலையை அனுப்பும் வரிக்கு அடுத்த வரியே, ஜாப் ஐடியை ஒரு ஃபைலில் எழுதுவதாக இருக்கட்டும். ரிசல்ட் கேட்பது அதற்கும் கீழேதான். கையால் எழுதினால் நீளமான ஐடியில் ஒரு எழுத்து மாறிவிடும், அதனால் நிரலே எழுதட்டும். கரண்ட் வந்ததும் அந்த ஐடியை வைத்து ஸ்டேட்டஸ் கேட்டாலே போதும். கூடவே ஒரு டேக் வைத்து அனுப்பினால், பிறகு அந்தப் பெயரை வைத்தே தேடலாம்.

'மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம்' என்ற அமைப்பில் நொடிக் கணக்கில் ஒரு வரம்பும் வையுங்கள். நிரலில் தப்பு இருந்தாலும் ஒரே வேலை எல்லா நிமிடத்தையும் விழுங்காது. அந்த 10 நிமிடம் 28 நாள் கணக்கு. முதல் தேதி பிறந்ததும் புதிதாக வந்துவிடாது. 2016-இல் ஐபிஎம் ஐந்து க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) கணினி ஒன்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டபோது நான் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தேன். மலையில் உட்கார்ந்துகொண்டே அப்படி ஒரு இயந்திரத்தைத் தொட முடியும் என்று அன்றைக்கு நம்பவே முடியவில்லை. மீதி இருப்பதைப் பத்திரமாகச் செலவழியுங்கள்.

கேள்வி: க்யூ குறைவான இயந்திரத்தை 'லீஸ்ட் பிஸி' கட்டளை தேர்ந்தெடுத்தும் வெகுநேரம் ஆகிறதே? இரவு 9 மணிக்கு அனுப்பிய வேலைக்கு 15:30 என்று காட்டுவது ஏன்?
- வாசகர், குன்னூர்

பதில்: அந்தக் கட்டளை எத்தனை வேலை நிற்கிறது என்றுதான் எண்ணும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடும் என்று பார்க்காது. முன்னால் நிற்பது மூன்றே என்றாலும், மூன்றும் பெரியதாக இருக்கலாம். நேரம் தப்பு இல்லை, அது யூடிசி என்ற உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். அதிகாலை 2 மணிக்கு அனுப்பியது முந்தைய நாள் 20:30 என்று பதிவாகியிருக்கும்.