மயக்க ஊசி போட்டதும் அப்பாவுக்குக் கை கால் வெட்டி இழுத்தது, அது வலிப்பா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான். போன வருடம் ஹெர்னியா ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டதும் உடம்பு வெட்டி வெட்டி இழுத்ததாம். குறிப்பில் மயக்க மருந்தின் பெயர் எட்டோமிடேட் என்று இருக்கிறது. இப்போது பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். மறுபடியும் அப்படி வருமா? வேறு மருந்து கேட்கலாமா?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், பெரும்பாலும் அது வலிப்பு இல்லை. தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் சில நாள் நமக்கே உடம்பு தூக்கிவாரிப் போடுமே, ஏறக்குறைய அந்த மாதிரி. மூளையின் மேற்பகுதி முதலில் அடங்கிவிடுகிறது, அதன் பிடி தளர்ந்ததும் கீழ்ப்பகுதிகள் கொஞ்ச நேரம் தன்னிஷ்டத்துக்குத் தசைகளை உதறவிடுகின்றன. முன்னால் வேறு எதுவும் கொடுக்காமல் எட்டோமிடேட் போட்டால் 50 முதல் 80 சதவீதம் பேருக்கு இது வரும். நானே பார்த்திருக்கிறேன், தோள் குலுங்கி, நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி ஸ்டிக்கர் கழன்று விழும், கை ஊசி நழுவாமல் நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், நோயாளிக்கு எதுவும் நினைவிருக்காது.

மருந்தை மாற்றச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். வழக்கமாகப் போடும் புரோபோபால் என்ற மயக்க மருந்து பிபியைச் சட்டென்று இறக்கும், பலவீனமான இதயம் அதைத் தாங்காமல் போகலாம் என்பதால்தான் அன்று எட்டோமிடேட்டைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அது சரியான முடிவு.

தடுக்க முடியுமா என்றால், நிறையவே குறைக்கலாம். எட்டோமிடேட்டுக்கு முன்னால் கொஞ்சம் பென்டனில் என்ற வலி மருந்தோ மிடசோலம் என்ற தூக்க மருந்தோ கொடுப்போம், கொடுத்த உடனே அடுத்த ஊசியைப் போடாமல் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருப்பது ரொம்ப முக்கியம், அவசரத்தில் விட்டுப்போவதும் பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். இன்னொரு வழி, எட்டோமிடேட்டிலேயே பத்தில் ஒரு பங்கை முதலில் போட்டு, கொஞ்ச நேரம் விட்டு மீதியைக் கொடுப்பது. மெக்னீசியம், மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்துகூட உதவும். ஆனால் பென்டனில் அளவு கூடினால் மூச்சு மந்தமாகும், அப்பாவின் வயதுக்கும் இதயத்துக்கும் எது, எவ்வளவு என்பதை மயக்க மருந்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தத் துடிப்பு நிஜமாகவே ஆபத்தாகும் இடங்களும் உண்டு. கண்ணில் திறந்த காயம் இருந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், வயிறு நிறைந்திருந்தால் சாப்பிட்டது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். அதனால் எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று சொன்னார்களோ அதை அப்படியே கடைப்பிடியுங்கள், ஒரு வாய் காபி என்றுகூட வேண்டாம்.

சக்சினில்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தாலும் தோலுக்கடியில் புழு நெளிவது போலத் தசை துடிக்கும், மறுநாள் உடம்பு வலிக்கும். அது வேறு, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் பரிசோதிக்கும்போது அந்தப் பழைய குறிப்பையும், அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். "போன தடவை எட்டோமிடேட் போட்டதும் உடம்பு உதறியது" என்று அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், அவருக்குப் புரிந்துவிடும். அப்பாவுக்கு எப்போதாவது நிஜமான வலிப்பு வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அப்படியானால் மருந்துத் தேர்வே மாறலாம்.